க்ளிஃப் பர்ட்டன்: மூன்று ஆல்பங்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் (அதிரடி ராக்) இசைக்குழுவில் க்ளிஃப் பர்ட்டன் பேஸ் கிட்டார் வாசித்தது மூன்றே மூன்று ஆல்பங்களில். 24 வயதில் விபத்தில் போய்விட்டார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவரை இப்படித் தூக்கி வைத்துப் பேசுகிறார்களே, இளம் வயதில் இறந்ததால் வந்த அனுதாபப் புகழா, இல்லை உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா? கூடவே ஒரு துணைக்கேள்வி: பேஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருப்பவர் அவருடைய வாசிப்பில் எதிலிருந்து தொடங்கலாம்?

அனுதாபம் கொஞ்சமும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், பஸ் கவிழ்ந்து ஒரு இளைஞன் இறந்தால் அவனைச் சுற்றிக் கதை வளரத்தான் செய்யும். போய்ச் சேர்ந்தவர் சுமாரான ஆல்பம் போட மாட்டார். 1996-இல் குழுவின் மற்றவர்கள் செய்த மாதிரி முடியை வெட்டிக்கொண்டு வந்து ரசிகர்களைக் கடுப்பேற்றவும் மாட்டார். அந்தச் சலுகை க்ளிஃபுக்கும் கிடைத்திருக்கிறது.

ஆனால் சரக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. பெரும்பாலான ரசிகர்கள் காட்டும் இடத்தில்தான் அது கம்மி. அவர்கள் அவருடைய சோலோவையும் (தனி வாசிப்பு) வேகத்தையும் தலையைச் சுழற்றிச் சுழற்றி ஆடியதையும் காட்டுவார்கள். அதெல்லாம் பார்க்க அருமைதான். நான் இருபது வருஷமாக பேஸ் வாசிக்கிறேன். எனக்கு அவருடைய பெரிய வேலையாகத் தெரிவது வேறு. கூட இருந்த மூன்று பேரின் காதையே மாற்றிவிட்டுப் போனார். அவர் கை படாத பாட்டிலும் அது கேட்கிறது.

க்ளிஃப் பிறந்தது 1962 பிப்ரவரி 10-ஆம் தேதி. ஊர் காஸ்ட்ரோ வேலி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டியது. 1975-இல் அவருடைய அண்ணன் ஸ்காட் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். க்ளிஃபுக்கு அப்போது 13 வயது. அதற்குப் பிறகுதான் பேஸைக் கையில் எடுத்தார். அண்ணனுக்காக மிகச் சிறந்த பேஸ் கலைஞனாக வருவேன் என்று சொன்னதாக அவருடைய அம்மா ஜேன் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜாஸ் வாசிக்கும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அவர் பையனை உட்காரவைத்து பாக், பீத்தோவன் என்று வாசிக்க வைத்து, ஸ்வரக் குறிப்பு படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். தினமும் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் சாதகம். மெட்டாலிகாவில் சேர்ந்து ஓரளவு பெயர் வந்த பிறகும் அது நிற்கவில்லை.

அதே பேட்டியில் அம்மா சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இசைதான் தொழில் என்று மகன் முடிவு செய்தபோது, அப்பாவும் அம்மாவும் அவருக்கு நாலு வருஷம் தவணை கொடுத்தார்கள். வாடகையும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நாலு வருஷத்தில் ஓரளவாவது முன்னேற்றம் தெரியவில்லை என்றால் வேலைக்குப் போய்விட வேண்டும். கறாரான பேச்சு, ஆனால் நியாயமானது. நம் வீடுகளில் பாதிப் பேருக்கு நாலு மாதம்கூடக் கிடைப்பதில்லை.

அவர் கேட்ட இசையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் பாக். இன்னொரு பக்கம் மிஸ்ஃபிட்ஸ் என்ற பங்க் குழு; அதன் மண்டையோட்டுச் சின்னத்தைக் கையில் பச்சை குத்தியிருந்தார். நடுவில் லினர்ட் ஸ்கினர்ட், தின் லிஸி என்ற ராக் குழுக்கள். பேஸில் பிளாக் சபாத்தின் கீஸர் பட்லர், ரஷ்ஷின் கெடி லீ, ஜாஸ் பக்கத்திலிருந்து ஸ்டான்லி கிளார்க், மோட்டர்ஹெட்டின் லெமி. மெட்டல்காரர்கள் எல்லாரும் உடம்போடு ஒட்டிய பேன்ட் போட்ட காலத்தில் இவர் எழுபதுகளின் பெல்பாட்டத்தோடு மேடை ஏறினார். கிண்டல் செய்தார்கள். கண்டுகொள்ளவில்லை.

1982-இல் ட்ராமா என்ற குழுவில் இருந்தார். அந்தக் குழு லாஸ் ஏஞ்சலீஸில் விஸ்கி அ கோ கோ என்ற இடத்தில் வாசித்தபோது மெட்டாலிகாவில் பாடி கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கும் பார்க்கப் போயிருந்தார்கள். மேடையிலிருந்து ஒரு காட்டுத்தனமான சோலோ வருகிறது. கிட்டார் வாசிப்பவர் யார் என்று தேடுகிறார்கள், ஆளைக் காணோம். கடைசியில் கம்பிகளை எண்ணிப் பார்த்துத்தான் அது பேஸ் என்று தெரிந்துகொண்டதாக ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். ஆறு கம்பி இருந்தால் கிட்டார், நாலு என்றால் பேஸ். இருவரும் அவரைத் தங்கள் குழுவுக்கு அழைத்தார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: லாஸ் ஏஞ்சலீஸுக்கு நான் வர மாட்டேன், நீங்கள் இங்கே வாருங்கள். ஒரு பேஸ்காரருக்காகக் குழுவே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் மாறியது. 1983 மார்ச் 5-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் தி ஸ்டோன் என்ற அரங்கில் அவரோடு முதல் நிகழ்ச்சி.

சரி, வாசிப்புக்கு வருவோம்.

மெட்டலில் பேஸ் ஏன் காதில் விழுவதில்லை என்று முதலில் புரிந்துகொண்டால்தான் இவர் செய்தது புரியும். கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிரும். பேஸின் தடித்த கம்பி அதற்குச் சரிபாதி, 41 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) ஏற்றிய இரண்டு கிட்டார்கள் சேர்ந்து உறுமும்போது கீழிருந்து மேல் வரை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அடியில் மிச்சம் இருக்கும் கொஞ்ச இடத்தில் பேஸ் டிரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கூட்டத்தில் பேஸ்காரர் என்ன செய்வார்? கிட்டார் வாசிப்பதையே ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) கீழே வாசிப்பார். கிட்டாருக்குக் கனம் கூடும், ஆனால் பேஸ் தனியாகக் கேட்காது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தன் போக்கில் தனி வழியில் நடப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது வினோதமாகத்தான் இருக்கும்.

க்ளிஃப் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி கண்டுபிடித்தார். கிட்டார் உறுமும் இடத்தில் தானும் எல்லாரையும் போல அடியில் நின்றார். கிட்டார் இடம் விட்ட நொடியில் டிஸ்டார்ஷனையும், ஒலியை 'வா வா' என்று வளைக்கும் வா பெடலையும் மிதித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார், கிட்டார் நிற்கும் உயரத்துக்கே. பேஸில் வா பெடலை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1970-இலேயே பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் பட்லர் வாசித்திருக்கிறார். பேஸில் டிஸ்டார்ஷன் என்றால் லெமி இருக்கிறார். இரண்டையும் சேர்த்து, அதன்மேல் பாக்கிடம் கற்ற மெட்டுப் பின்னலை ஏற்றியதுதான் க்ளிஃபின் சொந்தச் சரக்கு.

'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். 1984-இல் வந்த 'ரைட் த லைட்னிங்' ஆல்பத்தில் இருக்கிறது. மணி அடிக்கிறது. கிட்டார்கள் ஒரே இடத்தில் நின்று இடிக்கின்றன. அதற்கு மேலே ஏதோ ஒன்று, அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளில் (வாத்தியத்தின் கழுத்தில் உள்ள கட்டங்கள்), அரை அரை ஸ்வரமாக நெளிந்து இறங்கும். அதைப் பல வருஷம் நான் கிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவன் பந்தயம் கட்டித் தோற்கடித்த பிறகுதான் பேஸ் என்று ஒப்புக்கொண்டேன். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி மெட்டாலிகா பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது நானும் கணுக்கால் அளவு சேற்றில் நின்றேன். அந்த மணிச்சத்தம் வந்ததும் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் காற்றில் கிட்டார் வாசித்தார்கள். பேஸ் வாசித்தது நானும் இன்னொரு தாடிக்காரரும் மட்டும்தான்.

அந்த நெளிவு மெட்டாலிகாவுக்காகப் போட்டதும் அல்ல. ஹேவர்ட் நகரில் 1981-இல் நடந்த ஓர் உள்ளூர் இசைக்குழுப் போட்டிக்காக க்ளிஃப் தன் பழைய குழுவான ஏஜென்ட்ஸ் ஆஃப் மிஸ்ஃபார்ச்சூனோடு வாசித்துக் காட்டிய வீடியோ ஒன்று இருக்கிறது. கூடக் கிட்டார் வாசிப்பவர் ஜிம் மார்ட்டின், பின்னாளில் ஃபெய்த் நோ மோர் குழுவுக்குப் போனவர். 19 வயசுப் பையன் அதில் இந்த அறிமுகத்தையும், பின்னால் 'அனஸ்தீசியா' ஆகப்போகும் சோலோவின் துண்டுகளையும் வாசிக்கிறான்.

இப்போது நான் சொன்ன அந்தக் காது மாறிய கதை. இதற்கு ஆல்பங்களில் யார் யார் பெயர் பாடல் எழுதியவர்களாகப் போட்டிருக்கிறது என்று எண்ணினாலே போதும்.

முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்', 1983 ஜூலை. அதில் க்ளிஃப் பெயர் இருப்பது ஒரே ஒரு பாட்டில், 'அனஸ்தீசியா' என்ற அந்த பேஸ் சோலோவில் மட்டும். மற்றவை பெரும்பாலும் அவர் வருவதற்கு முன்பே தயாரானவை. வேகம், கோபம், ஒரு ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) அடுத்து இன்னொரு ரிஃப். நல்ல ஆல்பம்தான். ஆனால் இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வது அதில் குறைவு. அடுத்த ஆண்டே வந்த 'ரைட் த லைட்னிங்'கில் எட்டுப் பாட்டில் ஆறில் அவர் பெயர் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் முதல் ஓசையே அமைதியான அகவுஸ்டிக் கிட்டார். தொட்டாலே தீப்பிடிக்கும் 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' பாட்டுக்கு அந்த அறிமுகத்தை எழுதியவர் க்ளிஃப்தான். பழைய ரசிகர் ஒருவர் 1984-இல் அந்த ரெக்கார்டை முதல்முறை ஓடவிட்டபோது தப்பான ரெக்கார்டை வாங்கிவிட்டோமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரே ஆண்டில் இந்த மாற்றம் எப்படி வந்தது? ஹெட்ஃபீல்டுக்கு முறைப்படியான இசை இலக்கணம் தெரியாது. ஒரு மெட்டுக்கு மேல் இன்னொரு மெட்டை மூன்று ஸ்வரம் தள்ளி வைத்தால் என்ன ஆகும், ஐந்து தள்ளினால் என்ன ஆகும், இரண்டும் எங்கே உரசும், எங்கே சேரும் என்பதையெல்லாம் க்ளிஃபிடமிருந்துதான் கற்றோம் என்று குழுவினரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். குழுவின் இன்னொரு கிட்டார்காரர் கர்க் ஹாமெட்டும் அப்போது ஜோ சாட்ரியானி என்ற கிட்டார் கலைஞரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் குழுவுக்குள்ளேயே பாக் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் க்ளிஃப்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். அந்த ஆல்பத்தில் நல்லதாக இருப்பதெல்லாம் க்ளிஃப் தலையிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. கடைசியில் வரும் 'த கால் ஆஃப் க்துலு' என்ற வாத்திய இசையில் ஹாமெட்டுக்கு முன் கிட்டார் வாசித்த டேவ் மஸ்டேனுக்கும் பங்கு உண்டு, பெயரும் போட்டிருக்கிறது. குழுவிலிருந்து 1983-இல் அவரை வெளியே அனுப்பிய பிறகும் அவருடைய யோசனைகள் உள்ளேயே இருந்தன. அந்தத் தலைப்பைக் கொண்டுவந்தது வேண்டுமானால் க்ளிஃப்: எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் திகில் கதைகளைக் குழுவுக்குப் பழக்கிவிட்டவர் அவர்.

1986 மார்ச்சில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. இதில் அவர் பெயர் இருப்பது மூன்று பாட்டில்தான்: தலைப்புப் பாட்டு, 'ஒரையன்', 'டேமேஜ் இங்க்'. எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் முழு ஆல்பத்தையும் கேட்டுப்பாருங்கள். தலைப்புப் பாட்டின் நடுவில் வேகமெல்லாம் அடங்கி இரண்டு கிட்டார்கள் கைகோத்து நடக்கும் இடம் இருக்கிறதே, அந்த மாதிரி எழுதும் பழக்கம் மூன்று வருஷம் முன்பு இவர்களிடம் இல்லை.

'ஒரையன்' பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். எட்டரை நிமிடம், பாட்டு வரியே கிடையாது. தூரத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறிவரும் அந்த முதல் ஓசை, கோயில் ஆர்கன் மாதிரி ஒன்று, அது பேஸ்தான். பல அடுக்காகப் பதிந்து எஃபெக்டில் முக்கி எடுத்தது. பாதி வழியில் எல்லாமே ஓய்ந்துவிடும். அப்போது பேஸ் மட்டும் தனியாக ஆறு எண்ணிக்கையில் ஒரு சுற்றைத் தொடங்கும். அவசரமே இல்லை. இரண்டு சுற்று போன பிறகு கிட்டார் மேலே வந்து உட்காரும், அப்புறம் இன்னொரு கிட்டார். பேஸ் அடித்தளமாகவும் இருக்கிறது, மெட்டாகவும் இருக்கிறது. யார் யாருக்குத் துணை வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கும் பின்னால், டிஸ்டார்ஷனோடு ஒரு சோலோ வரும். ஹாமெட் என்று நினைப்பீர்கள். கம்பியை எண்ணினால் நாலு.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டேமேஜ் இங்க்'கின் தொடக்கத்தை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அலை மாதிரி மெல்ல எழுந்து விழும் ஓசைகள். கம்பியைத் தட்டும் சத்தமே கேட்காது, ஏனென்றால் தட்டிய பிறகுதான் ஒலியளவை மெதுவாக ஏற்றுகிறார். பல பேஸ் தடங்கள் ஒன்றோடொன்று கோரஸாகச் சேர்கின்றன. பாக்கின் 'கோம், ஜூஸர் டோட்' என்ற பக்திப் பாடலின் சாயல் அது. அந்த ஜெர்மன் தலைப்புக்கு 'இனிய சாவே, வா' என்று பொருள். அது வெளியாகி ஏழு மாதம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். இந்தத் தற்செயலை வைத்து நிறைய எழுதிவிட்டார்கள். நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

விபத்தையும் சுருக்கமாகவே சொல்கிறேன். 1986 செப்டம்பர் 26 இரவு ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் நிகழ்ச்சி. முடிந்ததும் பஸ்ஸில் கோபன்ஹேகன் கிளம்பினார்கள். யார் எந்தப் படுக்கையில் தூங்குவது என்று க்ளிஃபும் ஹாமெட்டும் சீட்டு எடுத்தார்கள். க்ளிஃபுக்கு ஸ்பேட் ஏஸ் விழுந்தது. அவர் ஹாமெட்டின் வழக்கமான படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விடிகாலையில் டோராப் என்ற சிற்றூர் அருகே பஸ் சாலையைவிட்டு வழுக்கிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியே வெளியே விழுந்த அவர்மேல் பஸ் சாய்ந்தது. சாலையில் பனி உறைந்திருந்தது என்றார் ஓட்டுநர். உள்ளாடையும் சாக்ஸுமாக, அந்தக் குளிரில், பனி எங்கே என்று தேடிக்கொண்டு அந்தச் சாலையில் நடந்ததாக ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். விசாரணையில் ஓட்டுநர் மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது. இறுதிச் சடங்கில் 'ஒரையன்' ஒலித்தது.

ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவர் இல்லாதபோது தெரியும் என்பார்களே, அதற்கு மெட்டாலிகா ஒரு ரெக்கார்டே போட்டிருக்கிறது. 1988-இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. க்ளிஃப் இறந்து ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே ஜேசன் நியூஸ்டெட்டைப் புது பேஸ்காரராகச் சேர்த்திருந்தார்கள். அந்த ஆல்பத்தில் அவர் வாசித்தது காதில் விழவே விழாது. பேஸைக் குறைக்கச் சொன்னது உல்ரிக் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். புதியவரைச் சீண்டிப் படுத்தி எடுத்ததைக் குழுவினரும் பின்னால் ஒப்புக்கொண்டார்கள். துக்கத்தை எங்கே இறக்குவது என்று தெரியாத இருபத்துச் சொச்சம் வயசுப் பையன்கள். இறக்கியது தப்பான ஆள் மேல். நியூஸ்டெட் நல்ல வாசிப்பாளர், அந்தக் குழுவில் 14 வருஷம் தாக்குப்பிடித்தார். அவருக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் துக்கத்தோடு இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. நியூஸ்டெட் கிட்டார் ரிஃபுகளையே அச்சு அசலாகப் பின்தொடர்ந்து வாசித்தார். கிட்டாரும் அடி ஒலியை முழுசாக எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே கோட்டில் போனால், ஒன்றைக் குறைத்தாலும் பாட்டு கெட்டதாகத் தோன்றாது. அதனால்தான் குறைக்கவும் முடிந்தது. 'ஒரையனில்' பேஸைக் குறைத்துப் பாருங்கள், பாட்டே இருக்காது.

அதே ஆல்பத்தில் 'டு லிவ் இஸ் டு டை' என்ற ஏறத்தாழ பத்து நிமிட வாத்திய இசை இருக்கிறது. க்ளிஃப் விட்டுச்சென்ற ரிஃப் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, எழுதியவர்களில் அவர் பெயரும் உண்டு. நடுவில் ஹெட்ஃபீல்ட் நாலு வரி பேசுவார். அதன் கடைசி வரி இன்று டோராப் அருகே அவருக்கு வைத்த நினைவுக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல் 2006-இல் வைத்தது. அதே 2006-இல்தான் 'ஒரையனை' முதல்முறையாக மேடையில் முழுசாக வாசித்தார்கள். இருபது வருஷம் அதைத் துண்டு துண்டாகத்தான் தொட்டிருந்தார்கள்.

அவர் உயிரோடு இருந்திருந்தால் 1991-இல் வந்த கறுப்பு ஆல்பம் அப்படி வந்திருக்காது, மெட்டாலிகா 'விலைபோயிருக்காது' என்று ஒரு கோஷ்டி அடித்துச் சொல்லும். எனக்கு அது பிடிபடவில்லை. பாக்கையும் பங்க்கையும் அமெரிக்கத் தென்மாநில ராக்கையும் ஒரே மூச்சில் கேட்டவர், மெட்டல் கூட்டத்தில் பெல்பாட்டம் போட்டு நின்றவர், 'தூய மெட்டலுக்கு'க் காவல் காத்திருப்பார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இவர்களுக்கு முன்னால் அவரே வேறு திசையில் போயிருக்கலாம்.

அவருடைய அப்பா ரே பர்ட்டனைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர். தொண்ணூறு வயது தாண்டியும் மெட்டாலிகா கச்சேரிகளுக்கு வந்து ரசிகர்களோடு நின்று பேசுவார். 2009-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது மகனுக்காக மேடை ஏறியவர் அவர்தான். மகனுக்கு வரும் ராயல்டியை, காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது வெளியே தெரிந்ததே 2017 வாக்கில்தான். 2018-இல் அலமேடா மாவட்டம் க்ளிஃபின் பிறந்தநாளான பிப்ரவரி 10-ஐ க்ளிஃப் பர்ட்டன் நாளாக அறிவித்தது. ரே 2020 ஜனவரியில், 94 வயதில் காலமானார்.

இனி துணைக்கேள்வி. பேஸ் பழகுகிறவர் எதிலிருந்து தொடங்குவது?

'அனஸ்தீசியா'விலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறார்கள். டிஸ்டார்ஷனும் வாவும் சேர்ந்தால் தப்பு எல்லாம் மறைந்துபோகும், வாசிக்கிற மாதிரியே இருக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கை ஒன்றும் கற்றிருக்காது. அந்தச் சோலோவின் முதல் பாதியில் டிரம்ஸ் கிடையாது. தாளத்தை மனசுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு வாசிப்பது ஆரம்பநிலைக்காரருக்கு ரொம்பக் கஷ்டம்.

முதலில் 'ஒரையனின்' நடுப்பகுதி. எஃபெக்ட் எதுவும் வேண்டாம், பெடலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) வேண்டாம், க்ளிஃப் விரலால்தான் வாசித்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) அசல் வேகத்தில் பாதிக்கு வைத்து, ஆறு ஆறாக எண்ணிக்கொண்டு வாசியுங்கள். ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது முந்தையது அறுந்துவிடக் கூடாது, அதே சமயம் இரண்டும் சேர்ந்து முனகவும் கூடாது. இடதுகை விரலை எப்போது தூக்குவது என்பதுதான் அங்கே முழுப் பாடம். அது சரியாக வந்த பிறகு, அதே சுற்றின் மேல் நண்பர் யாரையாவது ஒரு கிட்டார் மெட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கிட்டாரைப் பின்தொடர ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது 'பெல் டோல்ஸ்' அறிமுகம். விரல்களுக்கு அது அவ்வளவு கஷ்டமில்லை, அரை ஸ்வர இறக்கம்தான். இங்கே டிஸ்டார்ஷன் போடலாம். போட்ட பிறகு கவனிக்க வேண்டியது வாசிக்காத கம்பிகள்: அவற்றை வலதுகைக் கட்டைவிரலால் அமுக்கி வைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து இரையும். வா பெடல் கடைசியில் வரட்டும், அதுவும் கால் தாளத்தோடு போவது பழகிய பிறகு.

நடுவில் எப்போதாவது சலிப்பு தட்டினால் பாக்கின் செல்லோ தொகுப்புகளில் முதலாவதன் தொடக்கத்தை எடுத்து பேஸில் வாசித்துப் பாருங்கள். ஒற்றை வாத்தியம்தான், ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி கேட்கும். அதை ஒரு மாதம் வாசித்துவிட்டு 'அனஸ்தீசியா'வைத் திரும்பக் கேளுங்கள். முதல் ஒரு நிமிடத்திலேயே கையில் பழகிய வடிவங்கள் தட்டுப்படும்.